ஒரு மங்கள வார்த்தை சொல்லும் நேரம்

என் வயதுக்காரர்களே, நாற்பதைத் தொடப்போகிறோம். கண்ணாடி வந்துவிட்டது, முட்டி வலி வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கும் பொறுமை மட்டும் வரவில்லை. எனக்காவது வரவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய், அடுப்பில் வைக்காத பாலைப் பார்த்துவிட்டு வந்தேன். சொல்ல வேண்டியது ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி. நான் எட்டாவது படித்த வருஷம் எங்கள் வீட்டுக்கு அது வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

உங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது சந்தனம் வைத்திருப்பீர்கள், கற்பூரம் காட்டியிருப்பீர்கள். எங்கள் வீட்டில் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அவருக்குத் தாராளமான கை. கீபோர்டின் இடது ஓரத்துப் பொத்தான்கள் இரண்டு நாள் வேலை செய்யவில்லை. அம்மா அதை வடகம் காயப்போடும் முறத்தில் வைத்து வெயிலில் காயவைத்தாள்.

திருவையாற்றுக்குக் கிழக்கே, ஆற்றங்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். மாதா கோயிலைச் சுற்றி எழுபது எண்பது வீடு, எல்லோரும் வயல்காரர்கள். அப்பா வளைகுடாவில் இருந்தார். பிளஸ் டூ முடித்த அண்ணனுக்காக அவர்தான் கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னார். முன்னறையில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மேசை போட்டு வைத்தோம். அம்மா பழைய திரைச்சீலையை வெட்டி, ஓரத்தில் லேஸ் வைத்து, மானிட்டருக்கு ஒன்று, சிபியூவுக்கு ஒன்று, மவுசுக்குக்கூடச் சின்னதாக ஒன்று உறை தைத்தாள். மவுஸ் உறைதான் முதலில் தொலைந்தது. பூப்போட்ட நீலத் துணி. இன்றைக்கும் பழைய பெட்டியைத் திறந்தால் என் கண் அதைத்தான் தேடும்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவை போடவில்லை. வாய்க்காலில் கோழி மேய்ந்தது. ஊர் ஆண்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டியபடி எங்கே போவது என்று தெரியாமல் தெருவில் நின்றார்கள். அவர்களில் ரொம்பவும் தவித்தவர் எங்கள் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், பக்கத்து வீடு. அப்பா ஊரில் இல்லாததால் எங்கள் வீட்டுக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். தினம் காலையில் சைக்கிளில் ஆற்றுப் பாலம் வரை போய் மணலைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நீள நோட்டில் ஒரு வரி எழுதுவார்: ‘ஆற்றில் தண்ணீர் இல்லை.’ மறுநாளும் அதே வரி. நோட்டைப் புரட்டினால் பள்ளிக்கூடத்து இம்போசிஷன் போல இருக்கும். வயலில் வேலை இல்லாத பெரியப்பா எங்கள் வீட்டுக்குள் வேலை தேடினார்.

வேலை கம்ப்யூட்டரில் கிடைத்தது. அவர் மாதா கோயில் பங்குப் பேரவையின் செயலாளர். கோயிலுக்கு நூறு வருஷம் ஆகப்போகிறது, வரலாற்றை நான் எழுதித் தருகிறேன் என்று சாமியாரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் அதில் தமிழ் அடிக்க வழி செய்து கொடுத்திருந்தார். பெரியப்பா இரண்டு விரலால் அடித்தார். ஒரு ‘ஞ’வைக் கண்டுபிடிப்பதற்குள் வாயில் போட்ட வெற்றிலை தீர்ந்துவிடும். ஆனாலும் விடவில்லை. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள், வெள்ளத்தில் மணிக்கூண்டு சாய்ந்த கதை, எந்த வீட்டுக்காரர் எந்தத் தூணுக்குக் கல் சுமந்தார் என்று நூற்றுப் பத்துப் பக்கம் ஆகியிருந்தது. எழுதி முடித்த பதிவேடுகளை அவ்வப்போது ஆயர் இல்லத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். கதை சொன்ன கிழவர்களில் இரண்டு பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அண்ணனுக்கோ வேறு பைத்தியம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும், அதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். அன்று அவன் வாழ்க்கையிடம் கேட்டது அது ஒன்றைத்தான். மதிப்பெண் பிரமாதம் இல்லை, இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கடைசிக் கட்டத்தில்தான் கூப்பிடுவார்கள். சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் எந்தப் பிரிவு என்று முடிவு செய்யப்போகிறவர் பெரியப்பா. அதனால் அவரைக் கேட்காமல் அண்ணன் அந்தப் பெட்டியில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டான். அந்தச் சமயத்தில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி அவன் கையில் கிடைத்தது. லினக்ஸ். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டும் இன்னொரு மென்பொருள். விண்டோஸ் இருக்கும் அதே பெட்டியில், அதை ஒன்றும் செய்யாமல், பக்கத்தில் இதையும் வைத்துக்கொள்ளலாம். அண்ணன் ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்து பெரியப்பாவிடம் கேட்டான்.

“ஒரே பொட்டிக்குள்ள ரெண்டா? ஒண்ணோட ஒண்ணு கலந்துறாதாடா?”

“கலக்காது பெரியப்பா. நம்ம மதகு மாதிரிதான். ஒரே ஆத்துத் தண்ணி, ரெண்டு வாய்க்கா. ஒண்ணத் தொறந்தா இன்னொண்ண அடைச்சிருக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல பாயாது.”

“முறை வைக்கிறது யாரு?”

“ஆன் பண்ணினதும் கறுப்பா ஒரு ஸ்கிரீன் வரும். ரெண்டு வரி இருக்கும். நீங்க எதையும் தொடாதீங்க. பத்து செகண்டு பொறுத்தா உங்க வாய்க்கா தானா தொறந்துக்கும்.”

“பத்து செகண்ட நான் எப்பிடிடா கணக்குப் பண்றது?”

“ஒரு மங்கள வார்த்தை சொல்லுங்க. முடியிறதுக்குள்ள வந்துரும்.”

பெரியப்பாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. அடுத்த நாளிலிருந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கூப்பிக் கறுப்புத் திரையின் முன் நின்று ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கும் மங்கள வார்த்தை செபத்தைச் சொல்வார். ‘ஆமென்’ சொல்லவும் விண்டோஸ் வரவும் சரியாக இருக்கும். வந்து பார்த்த உறவினர்கள் இவருக்கு எவ்வளவு பக்தி என்று வியந்தார்கள்.

அண்ணன் இன்னொன்றும் செய்தான். இரண்டு பக்கத்துக்கும் எங்கள் கோயில் படத்தையே திரையில் வைத்தான். பெரியப்பாவின் புத்தகத்தைத் திறக்க இந்தப் பக்கம் ‘கோயில்’ என்று ஒரு சின்னப் படம் இருந்தது, அதே இடத்தில் அந்தப் பக்கமும் ஒன்று வைத்தான். அவர் தப்பித் தவறி லினக்ஸுக்குள் வந்துவிட்டால் மிரளக் கூடாது என்ற அக்கறை. அந்த அக்கறைதான் எங்களைக் கவிழ்த்தது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்ல மாட்டேன். புத்தகத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.

எனக்கு லினக்ஸால் கிடைத்தது ஒரு பென்குயின். ஐஸ் மலையிலிருந்து வயிற்றால் வழுக்கிக்கொண்டு வரும், வழியில் கிடக்கும் மீனையெல்லாம் பொறுக்கும். வெளியே வெயிலில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, நான் உள்ளே உட்கார்ந்து பனியில் வழுக்கினேன். கறுப்புத் திரை வந்ததும் கீழ் அம்புக்குறியை ஒரு தட்டு, அப்புறம் என்டர். அந்த ரகசியம் வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அண்ணனுக்கும் எனக்கும்.

கவுன்சிலிங் கடிதம் வந்தால் பையனை நடந்தே வேளாங்கண்ணிக்கு அனுப்புகிறேன் என்று அம்மா மாதாவிடம் நேர்ந்திருந்தாள். கடிதம் வந்துவிட்டது. அம்மா அதை இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, காவி உடுத்தி ஊர் இளைஞர்களோடு அண்ணன் நடக்கக் கிளம்பினான். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

“நான் வர்ற வரைக்கும் கீழ் அம்புக்குறியத் தொடாத. அந்தப் பக்கம் இன்னும் தமிழ் எழுத்துப் போடல. கோயிலத் தொறந்தா ஏபிசிடியாத்தான் தெரியும். வந்து போட்டுக்கறேன்.”

“சரிண்ணே.”

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலை அம்மா பூசைக்குப் போயிருந்தாள், பெரியப்பா ஆற்றுக்குப் போயிருந்தார். என் விரல் சும்மா இருக்கவில்லை. மூன்றாவது மலையில் வேகமாக வழுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். வழக்கத்தைவிட அரைமணி முன்னாலேயே வந்துவிட்டார். எனக்கு விளையாட்டை மூடத்தான் நேரம் இருந்தது. திரையில் கோயில் படம் சாதுவாக நின்றது.

“நான் போட்டு வச்சிட்டேன் பெரியப்பா.”

“நல்ல புள்ள” என்று என் தலையில் கை வைத்தார். கறுப்புத் திரையைத் தாண்டியாகிவிட்டது என்பதால் அன்று அவர் மங்கள வார்த்தை சொல்லவில்லை.

அடுக்களைக்குள் போய் நின்றேன். இப்போது சொல்லலாம், இன்னும் ஒரு நிமிஷத்தில் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே முன்னறையில் நாற்காலி சாயும் சத்தம் கேட்டது.

“யம்மாடி! என் புஸ்தகத்த இங்கிலீசா மாத்திட்டானே!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். பக்கம் பக்கமாக ஏபிசிடி. சின்ன எழுத்து, பெரிய எழுத்து, நடுவில் அரைப்புள்ளி, வாயில் நுழையாத கூட்டம். பெரியப்பா பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். மணிக்கூண்டு இருந்த பக்கம், தூண்கள் இருந்த பக்கம், செத்துப்போன கிழவர்கள் பேசிய பக்கம், எல்லாம் அப்படித்தான் இருந்தது. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் பார்த்தார். பூசை முடிந்து வந்த அம்மா ஒரு மாதா படத்தை எடுத்து சிபியூவின் மேல் வைத்தாள்.

“யாரும் கிட்ட வராதீங்க. அணைச்சா இருக்கிறதும் போயிரும்” என்றார் பெரியப்பா. தஞ்சாவூரில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போன் செய்து ஆளை வரச் சொன்னார். ஆள் வரும்வரை திரையின் முன்னாலேயே காவல் உட்கார்ந்திருந்தார். நான் கொல்லைக்கும் வாசலுக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டால் போதும், விண்டோஸ் வந்துவிடும், புத்தகம் தமிழில் இருக்கும். எனக்குத் தெரியும். வருகிறவர் படித்தவர், அவரே அணைத்துப் போட்டுப் பார்ப்பார், நான் எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். தினம் இரண்டு முறை போகிற கரண்ட் அன்றைக்குப் போகவே இல்லை. போயிருந்தால் புத்தகம் பிழைத்திருக்கும்.

மதியம் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரும் கையில் சிடிக் கட்டுமாக ஒருவர் வந்தார். திரையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“யாரு சார் இதுல லினக்ஸ் போட்டது? அது விண்டோஸ முழுங்கியிருக்கும். ஃபார்மட்தான் பண்ணணும்.”

“அப்பிடின்னா?”

“மொத்தத்தையும் தொடச்சிட்டுப் புதுசா போடறது. உள்ள முக்கியமா ஏதாவது இருக்கா சார்?”

பெரியப்பா ஏபிசிடியை ஒரு முறை பார்த்தார்.

“இருந்ததுதான் போயிருச்சே தம்பி. இனிமே என்ன இருக்கு? தொடைங்க.”

வந்தவருக்குக் கொடுக்கக் காப்பி டம்ளரோடு நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அவர் கட்டிலிருந்து ஒரு சிடியை உருவி, சட்டையில் துடைத்து, பெட்டிக்குள் வைத்தார். ஒரு மங்கள வார்த்தை சொல்லும் நேரம் இருந்தது. ‘அணைச்சிட்டு மறுபடி போட்டுப் பாருங்க’ என்று நாலு வார்த்தை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், காலையில் யார் போட்டு வைத்தது என்று வரும், நல்ல பிள்ளை என்ற பெயர் போகும். வாயைத் திறந்தேன்.

“காப்பி ஆறுது” என்றேன்.

இரண்டு மணி நேரத்தில் பெட்டி பிறந்த குழந்தை போல ஆகிவிட்டது. கோயில் படமும் இல்லை, பென்குயினும் இல்லை. பெரியப்பா நேராகச் சாமியாரிடம் போனார். பையன் எதையோ உள்ளே விட்டுப் புத்தகத்தை அழித்துவிட்டான் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

கொடியேற்றம் முடிந்து அண்ணன் மொட்டைத் தலையோடு வந்து இறங்கினான். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். மாதா எண்ணெய் பாட்டிலை அம்மா கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். நான் வெந்நீர் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தேன். பெரியப்பா கத்தவில்லை, நடந்ததை மட்டும் சொன்னார். அண்ணன் கேட்டு முடித்தபின் மெதுவாகச் சொன்னான்.

“பெரியப்பா, அது போகவே இல்ல. அந்தப் பக்கம் தமிழ் எழுத்து இல்லாததால அப்பிடித் தெரிஞ்சிருக்கு. அணைச்சுப் போட்டிருந்தா உங்க வாய்க்கா தொறந்திருக்கும்.”

பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

“அப்ப, நானே என் புஸ்தகத்தத் தொடைச்சுட்டேங்கிறியா?”

“பெரியவங்கள எதுத்துப் பேசாதடா” என்றாள் அம்மா.

“இல்லம்மா, நான் விண்டோஸ் வர்ற மாதிரிதான வச்சிட்டுப் போனேன். யாரு அந்தப் பக்கத்த…”

அண்ணன் பாதியில் நிறுத்தினான். வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்த என்னைப் பார்த்தான். நான் தண்ணீரைப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவே இல்லை.

“போதும்” என்று பெரியப்பா எழுந்தார். “வீட்டுப் பொட்டியவே காப்பாத்தத் தெரியல, இவனுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு ஒரு கேடு. சிவில் எடுக்கிறான்.”

வெள்ளிக்கிழமை போனில் அப்பா, “எங்க அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அவ்வளவுதான். இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு பெரியப்பாவும் அண்ணனும் சென்னைக்குப் போனார்கள், சிவில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அந்த வாரமே ஆற்றில் தண்ணீர் வந்தது. சம்பாவுக்கு நாற்று விட ஊரே ஓடியது. பெரியப்பாவும் வயலுக்கு ஓடினார். கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

நான் பார்த்தேன். அண்ணன் விடுதிக்குப் போனபின் அது என்னிடம் வந்துசேர்ந்தது. நான் எதையும் கெடுக்காத பிள்ளை ஆயிற்றே. பிளஸ் டூ முடித்ததும், பாப்பா கம்ப்யூட்டரே படிக்கட்டும் என்று பெரியப்பாவே சொன்னார். பதினைந்து வருஷத்துக்கு மேலாக என் சோறு அதில்தான். என் மடியில் இருக்கும் இந்த லேப்டாப்பில் ஓடுவதும் லினக்ஸ்தான். அண்ணன் வளைகுடாவில் கான்கிரீட் போடுகிறான். நன்றாகத்தான் இருக்கிறான், இரண்டு வீடு கட்டிவிட்டான். ஆனால் போனில் பேசும்போதெல்லாம் இப்போ என்ன வேலை, எந்த மொழியில் ப்ரோகிராம் எழுதுகிறாய் என்று என் வேலையைப் பற்றி நுணுக்கி நுணுக்கிக் கேட்பான். எழுந்து நடந்துகொண்டேதான் பதில் சொல்வேன்.

பெரியப்பா நினைவிலிருந்தே புத்தகத்தைக் கையால் திரும்ப எழுதினார். மூன்று வருஷம் தாமதமாக, நாற்பது பக்கத்தில் வெளிவந்தது. மணிக்கூண்டுக் கதை இருந்தது. தூண்களுக்குக் கல் சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை.

போன வருஷம் பெரியப்பா காலமானார். முப்பதாம் நாள் பூசைக்கு அண்ணன் வந்திருந்தான். அவருடைய அலமாரியை ஒழிக்கும்போது என் கையில் அந்த நீள நோட்டு அகப்பட்டது. ‘ஆற்றில் தண்ணீர் இல்லை’ என்று வரிசையாக வந்த வரிகளை விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் விரல் நின்றது. அண்ணனைக் கூப்பிட்டேன். நாங்கள் இருவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தோம்.

‘ஆற்றில் தண்ணீர் இல்லை. பையன் வேளாங்கண்ணியிலிருந்து வந்து சேர்ந்தான். அவன் சொன்னது சரி. அணைத்துப் போட்டிருந்தால் இருந்திருக்கும்.’

‘ஆற்றில் தண்ணீர் இல்லை.’

‘ஆற்றில் தண்ணீர் இல்லை. சாமியாரிடம் எப்படிச் சொல்வது.’

‘ஆற்றில் தண்ணீர் இல்லை.’

‘சென்னை. சிவில் போட்டாச்சு.’

‘தண்ணீர் வந்தது.’

அத்தனை வருஷமும் அவரை ஒன்றும் தெரியாத மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது. ஊரெல்லாம் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க அவரால் முடியவில்லை. எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது, அது அப்படியே திரும்பி என் மேல் வந்தது. அவர் நோட்டிலாவது எழுதி வைத்தார்.

“பெரியப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கு” என்றான் அண்ணன்.

“அண்ணே, அன்னிக்கு அந்தப் பக்கத்தப் போட்டது நான்தான். அணைச்சுப் போட்டா வந்துரும்னும் எனக்குத் தெரியும். ஃபார்மட் பண்றப்பப் பக்கத்துலதான் நின்னேன். சொல்லல.”

அண்ணன் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்படியே கேட்டான்.

“பென்குயின்ல எத்தனாவது மலையில இருந்த?”

“மூணாவது.”

“நானும் அதுவரைக்கும்தான் போயிருந்தேன்” என்றான். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, பூசைக்கு மணி அடிக்கிறது என்று செருப்பைத் தேடப் போனான்.